முள்கரண்டித் தகடு

வருடாந்திரச் சுத்தத்துக்காக எலக்ட்ரான் நுண்ணோக்கியைத் திறந்தவள், உள்ளேயிருந்த சட்டத்தை அலுங்காமல் உருவி லென்ஸுக்கு அடியில் வைத்தாள்.

மறுபடியும் குனிந்து பார்த்தாள்.

முள்கரண்டியின் பற்கள் கீழே பார்த்துக்கொண்டிருந்தன. மேலே பார்த்திருக்க வேண்டும்.

சட்டத்தில் மாட்டியிருப்பது பொட்டளவுத் தகடு. அதில் முள்கரண்டி வடிவில் கோடுகள் கீறியிருக்கும். அதைத் தாண்டும் எலக்ட்ரான் கற்றை இரண்டாகப் பிரிந்து, ஒன்று இடமாகவும் ஒன்று வலமாகவும் நீர்ச்சுழி போலச் சுழலும். இரண்டையும் இரும்புப் படலத்துக்குள் விட்டு, வெளியே வருவதை ஒப்பிட்டால், இரும்பின் காந்தம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்துவிடும்.

தகடு தலைகீழானால் இடது வலதாகிவிடும். விடையும் தலைகீழாகிவிடும்.

போன வருடம் சுழி அண்ணனுக்கு அப்படித்தான் வந்தது. எந்நேரமும் இந்தச் சுழிகளோடு மாரடித்த மனிதருக்கு ஆய்வகமே வைத்த பெயர் அது. பத்து முறை அளந்தார். பத்து முறையும், உலகத்துக்கே தெரிந்த விடைக்குத் தலைகீழ்.

எண்களைத் திருத்திவிட்டார் என்று விசாரணை வைத்தார்கள். கருவியைத் திறந்து பாருங்கள் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். திறந்தால் ஒரு வாரம் வேலை கெடும். யாருக்கும் மனமில்லை.

வேலை போயிற்று. இப்போது எங்கோ டியூஷன் எடுப்பதாகக் கேள்வி. பாவம், கை சுத்தமான மனிதர்.

அவர் எண் அவள் போனில் இன்னும் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். அழுத்தவில்லை.

விசாரணையில் கடைசியாகக் கூப்பிட்டது அவளைத்தான். தகட்டை மாட்டியது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றாள். கருவியை விற்ற கம்பெனியின் ஆட்கள் மாட்டியதாக நினைத்திருந்த சுழி அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

லென்ஸில் வைத்துச் சரிபார்த்தீர்களா என்று அடுத்த கேள்வி.

மாட்டிய அன்று மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நேரமாகிவிட்டிருந்தது. சட்டத்தைச் செருகிவிட்டு ஓடியிருந்தாள்.

பார்த்தேன் என்றாள்.

அதுவரை யாருக்கும் மசியாமல் இருந்தவர், கையிலிருந்த காகிதங்களை மெல்ல மேசையில் வைத்தார்.

"தங்கச்சி பார்த்துச்சுன்னா அது சரியாத்தான் இருக்கும். அப்போ தப்பு எங்கிட்டதான்."

அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.