நாற்பதைத் தாண்டாத ஜீப்

"மிதிடா. உன் ஜீப்பு ஊர்றதுக்குள்ள என் பொண்ணு மீன்சுருட்டியில தாலி கட்டிக்கிட்டு, புள்ளையும் பெத்துருவா."

முன்சீட்டில் உட்கார்ந்தபடி இளையபெருமாள் டேஷ்போர்டைக் குத்தினார். அதற்கெல்லாம் மிரளுகிற ஜீப் இல்லை அது. முள் நாற்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் கீழே இறங்கியது.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தபோது மணிமொழியின் அறை காலியாகக் கிடந்தது. மீன்சுருட்டி ரஞ்சித்குமாரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். மகள் போன துக்கம் இளையபெருமாளுக்குக் கொஞ்சம்தான். சிறுவாச்சூரில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்கிற துக்கம்தான் பெரிது.

வீட்டுக் கார், பங்காளிகளின் பைக் எல்லாம் பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று வழிமறிக்கப் போய்விட்டன. தெருவில் மிச்சம் நின்றது கருப்பண்ணனின் பழைய டீசல் ஜீப். பச்சைமலையில் வேறு வண்டி ஏறாத பாறைத் தடத்திலெல்லாம் ஏறிவிடும். தார் ரோட்டில் விட்டால் மாட்டு வண்டிக்குத்தான் ஜோடி. சின்ன வெங்காய மூட்டைகளை ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடி, கருப்பண்ணன் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வேற வண்டி பாருங்கய்யா. இது உங்க அவசரத்துக்கு ஆவாது."

"எனக்கே புத்தி சொல்றியா? எடுடா" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார் இளையபெருமாள். கருப்பண்ணனுக்கும் அவருக்கும் ஒரே வயது. ஆனால் 'டா' போடாமல் பேசினால் அவருக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

அரியலூருக்கு முன்னால் சிமெண்ட் லாரி ஒன்று புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. அடுத்து ஒரு கரும்பு டிராக்டரும் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டியது. இளையபெருமாள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"டிராக்டர்கூட முந்துது. இதை எடைக்குப் போட்டா பேரீச்சம்பழம்கூடத் தர மாட்டான்."

"வயசான வண்டிங்கய்யா."

"அந்த ரஞ்சித்குமாரோட தாத்தன் கூலிக்கு நாத்து நட்டவன். இவன் பேங்குல வேலைக்கு உக்காந்துட்டா, அவங்கப்பன் எனக்குச் சம்பந்தி ஆயிருவானா? கழுத்துல தாலி ஏறுறதுக்குள்ள அவளை முடியைப் புடிச்சி இழுத்துட்டு வரணும். மூட்டைய இறக்கிப் போடு, பாரம் கொறஞ்சா வேகமாப் போவும்."

"மீன்சுருட்டியில பத்திரமா இறக்குறேன்னு வாக்குக் குடுத்துட்டேங்க."

"வெங்காயத்துக்கு ஒரு வாக்கு. உங்க புத்தி மூட்டையைத் தாண்டி எங்கடா போவும்?"

வேகத்தடை வந்தது. கருப்பண்ணன் பிரேக்கைத் தொட்டு, ஜீப்பை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கினார்.

ஜெயங்கொண்டத்தில் இளையபெருமாளின் மச்சினன் அறிவரசன் கையில் தடியோடு நின்றிருந்தான். கூடவே பத்துப் பன்னிரண்டு பேர். கார்களை நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். பஸ்ஸில் ஏறி, முகத்தில் துப்பட்டா கட்டிய பெண்களை அவிழ்க்கச் சொன்னார்கள். ரோடு என்னவோ அவர்கள் பாட்டன் வீட்டுச் சொத்து என்கிற நினைப்பு.

அதில் ஒருவன் ஜீப்பையும் சுற்றி வந்தான்.

"ஏன்டா, உள்ள நான் குந்தியிருக்கிறது கண்ணுக்குத் தெரியல? என் வண்டியவே சோதனை போடுவியா?" என்று இளையபெருமாள் கத்தினார். அவன் கும்பிடு போட்டு ஒதுங்கினான்.

"இதுக்கு நீங்க நடந்தே வந்திருக்கலாம் மாமா" என்று அறிவரசன் சிரித்தான். "கவலைப்படாதீங்க. விடியிறதுக்கு முந்தியே வந்து நின்னுட்டோம். ஒரு ஈ காக்கா தாண்டல."

இளையபெருமாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அப்ப அவ இன்னும் நமக்குப் பின்னாலதான் வரா. நீ இங்கேயே நில்லு. நான் போயி அந்தப் பயல அங்கேயே மடக்கிப் போடுறேன்."

மீன்சுருட்டி வரைக்கும் அவர் மகளைத் திட்டவில்லை. எந்த அறையில் பூட்டி வைப்பது, எந்த மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்புவது என்று போனில் பெண்டாட்டியிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

ஜீப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றது.

"இங்க ஏன்டா நிறுத்துற?"

கருப்பண்ணன் இஞ்சினை அணைத்தார். வாசலில் ரஞ்சித்குமார் புது வேட்டி கட்டி நின்றிருந்தான். பக்கத்தில் கறுப்பு கோட்டு போட்ட ஒரு பெண் வக்கீலும், இரண்டு போலீஸ்காரர்களும். மணிமொழியைக் காணோம்.

இளையபெருமாள் மீசையைத் தடவிக்கொண்டே இறங்கினார்.

"என்னடா, புது வேட்டியெல்லாம் கட்டிக்கிட்டுத் தனியா நிக்கிற? பொண்ணு வரலியா? எப்படி வருவா? ரோடு பூரா எங்க ஆளுவ நிக்கிறாங்க. எங்க கண்ணுல மண்ணத் தூவிட்டு இங்க வந்து சேர்ற அளவுக்கு அவளுக்கு எங்கேருந்துடா புத்தி வரும்?"

ரஞ்சித்குமார் அவரைப் பார்க்கவே இல்லை. ஜீப்பின் பின்பக்கம் ஓடினான்.

கருப்பண்ணன் தார்ப்பாயை விலக்கினார். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து மணிமொழி எழுந்தாள். வெங்காய நெடியில் கண் இரண்டும் சிவந்திருந்தன. தலையில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டு, கருப்பண்ணனின் தோளைப் பிடித்து இறங்கி, ரஞ்சித்குமார் பக்கத்தில் போய் நின்றாள்.

அடிக்க ஓங்கிய கையோடு வந்த இளையபெருமாள், போலீஸ்காரர்களைப் பார்த்து அப்படியே நின்றார்.

மணிமொழி அமைதியாகச் சொன்னாள்:

"நீங்க முன்சீட்டுல உக்காந்து வரலைன்னா, நான் ஜெயங்கொண்டத்தையே தாண்டியிருக்க மாட்டேன்பா."