ரஞ்சினி கூட்டிய வீடு

நகரசபை அதிகாரி சப்பாத்தைக் கழற்றினாள். அத்தோடு எங்கள் காரியம் கெட்டது.

பதினொரு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் அவள் சப்பாத்தோடுதான் நுழைந்திருக்க வேண்டும். மூக்கைப் பொத்தியிருக்க வேண்டும். 'இடியும் வீடு' என்று எழுதினால் அது எங்கள் தெருச் சங்கத்துக்கு. 'குடியிருக்கலாம்' என்று எழுதினால் ஏலத்துக்கு.

எங்கள் ஆட்களும் கானாக்காரரும் எரித்திரியாக்காரரும் இந்தத் தெருவுக்கு வந்து சேர, வெள்ளையர் போனார்கள். பிறகு வங்கி போனது. கடைசியில் தபால்பெட்டியையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

மிஞ்சியது நாங்களும் இந்தப் பதினேழாம் இலக்க மாடி வீடும். வீட்டைத் தாருங்கள், வாடகையை நாங்களே தீர்மானிக்கிறோம், யாரையும் வெளியே போடமாட்டோம் என்று நகரசபைக்கு ஆறு வருடமாக எழுதினோம். அதற்குக் கிடைத்ததுதான் இன்றைய டெர்மின், அதிகாரி வந்து பார்க்கக் குறித்த நேரம்.

இடிவுக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றாம் மாடிக் குளியல் தொட்டியில் ஒரு பேர்ச் மரம் முளைத்து, ஜன்னலால் கையை நீட்டித் தபால்காரனிடம் கடிதம் வாங்குகிறது. எல்லாம் வரிக் கடிதங்கள். படித்துவிட்டு இலை உதிர்க்கும். நம்பாதவர்கள் தபால்காரனைக் கேட்கலாம்.

ஆனால் அதிகாரி நின்றது இரண்டாம் மாடி, இடப்பக்கம்.

தரையில் முகம் பார்க்கலாம். ஜன்னலில் கழுவிய திரை. வாசலில் மாக்கோலம். குசினி மேடையில் பிளாஸ்க் நிறையத் தேநீர், ஒரு தட்டு ரோல்ஸ்.

மேலே வந்து மரத்தைப் பாருங்கள் என்று கெஞ்சினோம். இதுவே போதும் என்றாள். ஒரு ரோல்ஸ் சாப்பிட்டாள். நன்றி சொன்னாள். மிகுந்த மரியாதையோடு 'குடியிருக்கலாம்' என்று எழுதிவிட்டுப் போனாள்.

சங்கத் தலைவர் மென்சா, அக்ராவிலிருந்து வந்த வெல்டர், எதிர்வீட்டு ரஞ்சினியின் கையிலிருந்த துடைக்கும் துணியைப் பார்த்தார். கூட்டியது யாரென்று கேட்கத் தேவையில்லை. தனக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழ்ச் சொல்லை, "அக்கா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"என்ன பிள்ளை செய்து வைச்சிருக்கிறாய்? குப்பையைக் காட்டத்தானே இவ்வளவு வருசம் நாயாய் அலைஞ்சனாங்கள்!" என்றேன்.

"ஆள் வருகுது எண்டு தெரிஞ்சும் கூட்டாமல் விடச் சொல்லுறியளோ அண்ணை? எனக்கு ஏலாது," என்றாள் ரஞ்சினி, கோப்பையைத் துடைத்தபடி.

 அவளை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

கீழ்வாசலில் எட்டு அழைப்புமணிகள். ஏழில் பெயர் தெரியாத அளவுக்குக் கறுப்பு. ஒன்று மட்டும் புளி போட்டுத் தேய்த்தது போல மினுங்கியது.

உருத்திரமூர்த்தி. இரண்டாம் மாடி, இடப்பக்கம்.

ரஞ்சினியின் காலமான கணவர்.

நான் இந்தத் தெருவுக்கு வந்தது வீடு பூட்டப்பட்ட பிறகு. ஆறு வருடக் கூட்டங்களில், யாரை வெளியே போட்டுவிட்டு இதைப் பூட்டினார்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. பின்வரிசையில் இருந்த அவளும் சொல்லவில்லை.

அந்த மணியை அழுத்தினேன். பதினொரு வருடமாக மின்சாரம் இல்லாத வீடு.

"வாறன், நில்லுங்கோ," என்று மேலிருந்து ரஞ்சினியின் குரல் வந்தது.