சட்டத்தில் ஓர் அணில்

“ஆர் இந்த அட்டையை அடிச்சது?”

பட்டியல் மேசையின் லாச்சியை இழுத்து, அதிலிருந்து உருவிய அட்டையைத் தூக்கிப் பிடித்தார் ராஜரத்தினம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி, மலையகத்தில் பன்விலப் பக்கத்து இந்தச் சின்ன நூலகத்துக்குப் பொறுப்பாளராக வந்து நாலே நாள். அதற்குள் பட்டியல் அட்டைகளில் அறுபத்து மூன்று காற்புள்ளிகளைத் திருத்திவிட்டார்.

“நான்தான் சேர்,” என்றாள் பட்டியல் வேலை பார்க்கும் பஸீஹா.

“வாசி.”

“முதியோர் பாலபாடம், முதலாம் பாகம். பொருள்: சட்டம்.”

“பாலபாடம் எப்ப சட்டமாச்சு?”

தட்டில் மிஞ்சியிருந்த ஒரு பிரதியை எடுத்து விரித்தார். ‘அ’வுக்குப் பக்கத்தில் ஓர் அணில் கொய்யாப்பழம் கொறித்துக்கொண்டிருந்தது. பிறவுண் பேப்பர் உறையின் முதுகிலோ, கொட்டை எழுத்தில் ‘சட்டம்’.

“நாளைக்கு ஒரு அப்புக்காத்து வந்து சட்டப் புத்தகம் கேட்டால், இந்த அணிலையோ குடுக்கிறது?”

பஸீஹாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“தெரிஞ்சுதான் சேர் போட்டேன்.”

“ஏன்?”

“அது வாசகர் விஷயம் சேர். யாருக்கும் செல்ல ஏலா.”

ராஜரத்தினத்துக்குச் சுள்ளென்று ஏறியது. தவறிப் பிழை விட்டால் மன்னிக்கலாம். தெரிந்தே பட்டியலைப் பொய் சொல்ல வைப்பவளை என்ன செய்வது? அதுவும் அடுத்த வாரம் அவள் வேலை நிரந்தரமாக்கப்பட இருந்த நேரத்தில்!

அன்றே உட்கார்ந்து இரண்டு பக்க முறைப்பாடு எழுதினார். ‘பஸீஹா நூலக வேலைக்குத் தகுதியற்றவர்’ என்று தொடங்கியது அது. ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை. நூலகக் குழுத் தலைவர் இருளப்பன் கையெழுத்து வைத்தால் போதும், அவள் வீட்டுக்குப் போகலாம்.

வியாழக்கிழமை இருளப்பன் வந்தார். தோட்டத்தில் முப்பது வருஷம் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். தொழிற்சங்கத்தில் தொண்டை கிழியப் பேசி, பிரதேச சபைக்குத் தெரிவானவர். கக்கத்தில் உறை போட்ட ஒரு புத்தகம், முதுகில் ‘சட்டம்’.

சட்டம் வாசிக்கிற தலைவர்! ராஜரத்தினத்துக்குத் தெம்பு வந்தது.

“வாங்கோ, இருங்கோ. இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ.”

“இத்தன வருஷமா நீட்டுன எடத்துலயெல்லாம் வச்சாச்சுங்க சேர். இனிமே வாசிக்காம வைக்கிறதில்ல.”

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார் இருளப்பன். விரல் முதல் சொல்லின் கீழே போய் நின்றது. உதடுகள் அசைந்தன.

“ப...”

அதற்கு மேல் விரல் நகரவில்லை.

“அடுத்த ரெண்டு எழுத்தும் இந்தப் பாகத்துல வரலீங்களே...” என்று முணுமுணுத்தபடி புத்தகத்தைப் புரட்டினார். உள்ளே அதே அணில், அதே கொய்யாப்பழம். ராஜரத்தினம் பார்ப்பதைக் கண்டதும் படக்கென்று மூடிவிட்டு, மேடைக் குரலை எடுத்தார்.

“சட்டச் சிக்கல் சேர்! ரெண்டாம் பாகம் பார்க்காம முடிவு சொல்ல முடியாது.”

ராஜரத்தினத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருளப்பனை நினைத்து அல்ல, தன் இரண்டு பக்கத்தை நினைத்து.

“ஓமோம். சட்டமெண்டால் அவசரப்படக் கூடாது,” என்று முறைப்பாட்டை மெதுவாக இழுத்து, நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இருளப்பன் போனதும், புதிதாக வந்திறங்கிய புத்தகக் கட்டிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தார் ராஜரத்தினம். தானே உறை போட்டார். தானே தட்டச்சுப் பொறிக்கு முன் உட்கார்ந்து அட்டை அடித்தார்.

பஸீஹா எட்டிப் பார்த்தாள்.

“முதியோர் பாலபாடம், இரண்டாம் பாகம். பொருள்: சட்டம்... சேர், இது பிழைதானே?”

ராஜரத்தினம் தலை நிமிரவில்லை. விட்டுப்போன ஒரு காற்புள்ளியைப் போட்டுவிட்டுச் சொன்னார்:

“அது வாசகர் விஷயம், பிள்ளை. சொல்ல ஏலாது.”