ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பேரிங்

இப்போது எவனுக்கும் கிரீஸ் வைக்கத் தெரியவில்லை. கை அழுக்காகிவிடுமாம். இரண்டு விரலால் தொட்டு, முகத்துக்குப் பவுடர் பூசுகிற மாதிரி தடவிவிட்டுப் போகிறான். ஆறு மாதத்தில் பேரிங் கத்தினால், கம்பெனி சரியில்லை என்கிறான்.

நாற்பது வருடம் லாரிப் பட்டறையில் கிடந்தவன் நான். கிரீஸை உள்ளங்கையால் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை விடமாட்டேன். நான் கிரீஸ் வைத்த சக்கரம் எதுவும் வழியில் நின்றதில்லை.

மைதானத்து ஓரத்தில் ஒரு மடக்கு மேஜை. அதன்மேல் ஒரு ஹெலிகாப்டர், ரிமோட்டில் பறக்கிறது. அதன் சொந்தக்காரர் என் மகளின் மாமியார். அறுபத்திரண்டு வயதில் இது தேவையா என்று பலமுறை கேட்டாயிற்று. "உங்களுக்கு டீவி, எனக்கு இது சம்பந்தி" என்பார்.

அன்று அவருக்குப் பரீட்சை. மேலே போனதும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். மோட்டார் இல்லாமலே இறக்கி, சுண்ணாம்பு வட்டத்துக்குள் உட்கார வைக்க வேண்டும். தேறினால்தான் இந்த மைதானத்தில் தனியாகப் பறக்க விடுவார்களாம்.

போன தடவை வட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது. இந்தத் தடவையும் போனால் அடுத்த வருடம்தான். உடைந்தால் அதுவும் இல்லை. அவரிடம் இருப்பது அது ஒன்றுதான்.

மோட்டார் நின்றால் பிளேடும் நின்றுவிடாதா? நிற்காது. உள்ளே மோதிரம் அளவில் ஒரு பேரிங் இருக்கிறது. அதன் உட்புறம் ஊசி ஊசியாக உருளைகள். ஒரு பக்கம் திருப்பினால் பிளேடு மாட்டிய தண்டைக் கவ்வும், மறுபக்கம் திருப்பினால் விட்டுவிடும். சைக்கிளை மிதிக்காமல் இருந்தாலும் பின்சக்கரம் ஓடுகிறதே, அதே வித்தை. மோட்டார் செத்தாலும், கீழிருந்து வரும் காற்றில் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும்.

தன் முறைக்கு முன்னால் சம்பந்தியம்மா ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

மோட்டார் வீல் என்று கத்தியது. பிளேடோ தூக்கக் கலக்கத்தில் எழுந்தவன் மாதிரி மெதுவாகச் சுற்றியது.

உடனே நிறுத்தினார். மோட்டார் சுற்றுகிற பெரிய பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பிளேடைத் திருப்பினார். கவ்வ வேண்டிய பக்கம் வழுக்கியது. விட வேண்டிய பக்கம் களிமண்ணைக் கிண்டுவது போல இழுத்தது.

கிளப் செயலாளர் கழுத்தில் விசிலோடு வந்து நின்றார். "பதினைஞ்சு நிமிஷம் தரேம்மா. அதுக்கு மேல முடியாது."

சம்பந்தியம்மா போல்ட்டைக் கழற்றித் தண்டை உருவினார். மஞ்சள் கிரீஸ் கட்டி கட்டியாக வந்தது.

"யாரும்மா இப்படி அப்பினது? உருளையெல்லாம் நீச்சலடிக்குது!" என்றார் செயலாளர்.

"நான்தான். கண்ணாடி போடாம பண்ணிட்டேன்" என்றார், தலை நிமிராமல்.

சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

முப்பது வருடம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்த கை அது. வெளியே சொல்லக் கூடாது, என் பட்டறையில் அப்படி ஒரு கை இருந்ததில்லை. அவசரமும் இல்லை, நடுக்கமும் இல்லை.

சின்னக் கிண்ணத்தில் சுத்தம் செய்கிற திரவம். அதில் பிரஷை நனைத்துக் கழுவினார், ஊதினார், மறுபடி கழுவினார். மூன்றாவது தடவை வந்த திரவம் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. தண்டில் கீறல் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் இழுத்துப் பார்த்தார். காயவிட்டார்.

பிறகு ஊசிமுனையில் எண்ணெய் எடுத்தார். தையல் மெஷினுக்கு விடுவார்களே, அந்த மாதிரி தண்ணியான எண்ணெய். ஒரு சொட்டு.

அதிலும் மிச்சம் என்று துணி முனையால் ஒற்றி எடுத்தார்! எனக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தண்டை அவர் அழுத்தித் தள்ளவில்லை. விடுகிற பக்கமாகவே திருப்பித் திருப்பி உள்ளே இறக்கினார், தூங்குகிற குழந்தைக்கு வளையல் போடுவது போல. போல்ட் கழலாமல் இருக்கப் பசை தொட்டு, அது பேரிங்குக்குள் வழியாமல் துடைத்தார்.

பன்னிரண்டு நிமிடம். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் பாறை மாதிரி நின்றது. மறுபக்கம் விரல் பட்டதும் ஓடியது.

ஹெலிகாப்டர் ஏறியது. இரண்டு விளக்குக் கம்பம் உயரம் இருக்கும். மோட்டாரை நிறுத்தினார்.



காற்றை அரிகிற சத்தம் மட்டும் கேட்டது. சரிந்து சரிந்து வந்தது. தரைக்கு ஒரு முழம் இருக்கையில் கொஞ்சம் மூக்கைத் தூக்கி, யோசித்து, வட்டத்துக்கு நட்டநடுவில் உட்கார்ந்தது. கீழே இருந்த புல் நசுங்கியிருக்காது. பிளேடு அதற்கப்புறமும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

விசில் ஊதினார்கள். கைதட்டினார்கள். என் கையும் தட்டியது, என்னைக் கேட்காமல்.

சம்பந்தியம்மா நேராக என்னிடம் வந்தார். அந்தத் திரவத்தில் நனைத்த துணி ஒன்றை யாரும் பார்க்காதபடி என் கையில் வைத்தார்.

"நகத்துக்குள்ள இருக்கறது சோப்புக்குப் போகாது சம்பந்தி. இதுல தொடச்சுக்கோங்க."

நேற்று மத்தியானம் மகள் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு போல்ட்தான், கழற்றி மாட்ட எனக்குத் தெரியாதா? உள்ளே பார்த்தால் காய்ந்து கிடந்தது. பரீட்சைக்குப் போகிற வண்டியை அப்படி அனுப்ப மனசு கேட்கவில்லை. நல்ல கிரீஸ் அது, லாரிக்கு வைக்கிறது.

"போட்டோ எடுக்கறாங்க, வாங்க" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். காது கேட்காதவன் மாதிரி, நகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே நின்ற எங்கள் வண்டிப் பக்கம் நடந்தேன்.

கை தேர்ந்த கைதான். அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சொட்டெல்லாம் ஒரு வாரம் தாங்காது.