வலது தோள்

பதினான்கு வருடங்களாக அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் இடது பக்கமே இழுத்தது. சேவியர் வலது தோளைச் சாய்த்தே ஓட்டிப் பழகிவிட்டான். தன்னைத் தவிர யாராலும் அதை ஓட்ட முடியாது என்பதில் அவனுக்கு அப்படியொரு பெருமை.

அன்று காலை அவன் மனைவி ரெஜினா முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களிலிருந்தும் கறுத்துப்போன ஆயிலை வடித்தாள். மகளின் பழைய பால் புட்டியால் அளந்து, இரண்டிலும் ஒரே அளவு புது ஆயில் ஊற்றினாள். பிறகு போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகினாள். கோணல் நிமிர்ந்ததும் போல்ட்டுகளை மறுபடி முடுக்கினாள்.

சேவியர் ஏறி ஓட்டினான். பத்தடி தள்ளி, வலது பக்க மணல் குவியலில் போய்ச் செருகினான். மறுபடி ஓட்டினான். மறுபடியும் அதே மணல்.

"இப்ப வலது பக்கம் இழுக்குதுடி!"

"வண்டி இழுக்கலைங்க. நீங்கதான் இழுக்குறீங்க. எறங்குங்க."

எப்போதும் பின்னால் உட்கார்ந்தவள் முதல் முறையாக முன்னால் உட்கார்ந்தாள். வண்டி சீறிக் கிளம்பியது. தோளைச் சாய்த்தபடியே சேவியர் பின்னால் ஓடினான்.

"கெட்டியாப் புடி! கெட்டியாப் புடி!"

பாதித் தெருவில் ரெஜினா இரண்டு கைகளையும் எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்தினாள்.