தீவு டீமின் லெஃப்ட் அவுட்

கோணிச் சாக்குக்குள் உமித்தூசு. தங்கராஜுவுக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது.

தும்மினால் குரல் தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

சாக்கில் கண்ணுக்கு நேராக இரண்டு ஓட்டை. அதன் வழியே பெரட்டுத் திடல் தெரிந்தது. தினமும் காலையில் அவனும் நின்று பேர் கொடுக்கிற அதே திடல்தான். இன்றைக்குச் சுற்றிலும் போலீஸ்.

தோட்டத்து ஆண்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் வந்து நின்று போக வேண்டும். காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் ஆட்களுக்கு அரிசி கடத்துகிறவன் வந்தால் சாக்கு தலையை ஆட்டும். அந்த ஆளை லாரியில் ஏற்றுவார்கள். அப்புறம் ஜெயில், கப்பல், இந்தியா.

அரிசி கடத்தியது யார் தெரியுமா? சாட்சாத் தங்கராஜுவேதான்.

ரப்பர் பால்மரக் காட்டில் அந்த ஆட்களில் ஒருவன் கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டான். கொடுக்காமல் என்ன செய்வது? இரண்டு பால் டின் அரிசியை வாளிக்கு அடியில் ஒளித்துக்கொண்டு முள்வேலியைத் தாண்டினான். மூன்றாம் தடவை பிடிபட்டான். பின்னால் இருக்கும் பெரிய ஆளைக் காட்டு, உன்னை விட்டுவிடுகிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். பெரிய ஆள் என்று எவனும் இல்லை. இல்லை என்று சொன்னால் கப்பல் ஏறுவது அவன்தான்.

அவன் ரெம்பாவ் ஆஸ்பத்திரியில் காய்ச்சலாகப் படுத்திருப்பதாக மனைவி முத்தாயி லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். அவளிடமும் போலீஸ் அப்படித்தான் சொல்லியிருந்தது, பாவம்.

யாரைக் காட்டுவது? அதில் மட்டும் தங்கராஜுவுக்குக் குழப்பமே இல்லை.

தீவு டீம்தான் முதலில் வந்தது.

ஆறும் சதுப்பும் சுற்றிக்கொண்டதால் தோட்டத்தில் அவர்கள் இருந்த டிவிஷனுக்குத் தீவு என்று பேர். ரெம்பாவ் திடலில் நடக்கும் தீபாவளிக் கிண்ணத்துக்கு வருஷா வருஷம் போய், வருஷா வருஷம் உதை வாங்கித் திரும்பிய டீம் அது. நாற்பத்தேழில் லோபாக் ஊர்ப் பையன்களிடம் ஆறு கோல். நாற்பத்தெட்டில் ஏழு. ஊரே சிரித்தது.

நாற்பத்தொன்பதில்தான் அரை இறுதி வரை போனார்கள். எதிரே கெமாஸ் ரயில்வே, பூட்ஸ் போட்ட டீம். தீவில் எல்லாருக்கும் வெறுங்கால். லெஃப்ட் அவுட் ஆடிய தங்கராஜுவின் இடது பெருவிரலை ஒரு தடியன் பூட்ஸால் மிதித்து நொறுக்கினான். காப்டன் ஆறுமுகம் ஓடி வந்து, கட்டியிருந்த தலைத்துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டான். அந்தக் காலோடு தங்கராஜு கோல் அடித்தான் ஐயா! அன்றைக்கு டீம் தோற்றாலும் லயத்துக்கு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

விரல் கோணிக்கொண்டு ஆறியது. நகம் முளைக்கவே இல்லை.

ஐம்பத்தொன்றில் இறுதி ஆட்டம். கால் சரியில்லை என்று ஆறுமுகம் அவனை உட்கார வைத்துவிட்டு வேறொருத்தனை இறக்கினான். அந்த வருஷம் பார்த்து ஜெயித்துத் தொலைத்தார்கள். கிண்ணத்தோடு எடுத்த படம் ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. பதினொரு பேரும் பல்லைக் காட்டுகிறார்கள். அதில் தங்கராஜு இல்லை. சம்பளத்துக்குப் போய் நிற்கும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தான்.

இப்போது ஒவ்வொருவனாக அவன் முன்னால் வந்தான். வந்தவன் எல்லாம் தலையைக் குனிந்தான்.

பயப்படுகிறான்கள். படட்டும். சாக்குக்குள் தங்கராஜுவுக்கு இனித்தது. அன்றைக்குப் படம் பிடிக்கும்போது ஒருத்தனாவது அவனைக் கூப்பிட்டானா?

ஆறுமுகம் வந்தான். அவனுக்குப் பின்னால் கோல்கீப்பர் ராமசாமி, முத்தாயியின் ஒரே தம்பி.

ஆறுமுகமும் குனிந்தான். கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றான். பிறகு நிமிர்ந்து ஓட்டைகளை நேராகப் பார்த்தான்.

தங்கராஜு தலையை ஆட்டினான். நன்றாகவே ஆட்டினான்.

இரண்டு போலீஸ்காரர்கள் பாய்ந்து ஆறுமுகத்தின் கையை முறுக்கினார்கள். அவன் திமிறவில்லை.

"செருப்பு போட்டுட்டு வந்திருக்கலாம்லடா, லெஃப்ட் அவுட்டு" என்றான்.

அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த இடத்துக்கு ராமசாமி வந்து நின்றான்.

தங்கராஜுவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. தலையை நன்றாகக் குனிந்து ஓட்டை வழியே கீழே பார்த்தான். முழங்காலுக்குக் கீழே சாக்கு இல்லை. செம்மண்ணில் அவனுடைய கால்கள். இடது காலில் அந்தக் கோணல் விரல், நகமில்லாமல்.

குனிந்தவன் எவனுமே பயந்து குனியவில்லை.

அவன் தலையை நிமிர்த்துவதற்குள் பூட்ஸ் சத்தம் கேட்டது. ராமசாமியின் கையை இரண்டு பேர் முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இல்லை இல்லை என்று சாக்கை இரண்டு பக்கமும் ஆட்டினான். அதைப் பார்க்க அங்கே எந்தப் போலீஸுக்கும் நேரமில்லை. கத்தியிருக்கலாம். கத்தினால் குரல் தெரிந்துவிடுமே என்று அப்போதும் பயந்தான், மடையன். தெரியாதவன் எவன் பாக்கி?

"அக்காகிட்ட நீ என்னடா சொல்லுவே?" என்று லாரிப் படியிலிருந்து ராமசாமி அவனைப் பார்த்துக் கத்தினான்.

ஒரு தலை கேட்ட இடத்தில் இரண்டு கிடைத்ததில் இன்ஸ்பெக்டருக்கு ஒரே சந்தோஷம். சாக்கின் தோளில் தட்டிக்கொடுத்து, சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

வீட்டில் முத்தாயி அவனுக்காகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.