அவுக சொல்லும் ஆமென்

சீவலப்பேரி உபதேசியார் மாசிலாமணியும் மனைவி பரிபூரணமும் தினமும் அந்தியில் முழங்காலிட்டு, வாய் திறக்காமல் ஜெபிப்பார்கள். அவர் "ஆமென்" சொன்ன பிறகுதான் அவள் எழுந்து உலை வைப்பாள்.

போன ஐப்பசியில் வாந்திபேதி அவரைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகும் அந்தியில் அந்த ஆமென் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவளும் எழுந்து உலை வைத்தாள்.

உயிரோடிருந்த காலத்தில் அவர் விடியவிடிய ஜெபித்தது ஒரே தடவை, மகள் காய்ச்சலில் கிடந்தபோது. விடிந்ததும் பிள்ளையைப் புதைத்தார்கள்.

இன்று விடிந்தும் பரிபூரணம் முழங்காலில்தான் இருந்தாள். அவருடைய அக்காள் ராகேல் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னுமா எழும்பல?"

"அவுக இன்னும் முடிக்கல, மதினி."

ராகேல் குரலைத் தணித்துக்கொண்டாள். "யாருக்காவ இம்புட்டு நேரம் வேண்டுதான்?"

பரிபூரணம் கண்ணைத் திறக்கவில்லை.

"நேத்து காய்ச்சல்ல மேலு காயுதுன்னு சொன்னியளே, மதினி."